கெத்சமனியில் பெயர் சொல்லப்படாதவர்கள்

எருசலேம் பழைய நகரின் கிழக்கு மதிலோரம் நின்று பார்த்தால் கீழே ஒரு பள்ளத்தாக்கும் அதற்கு அப்பால் ஒலிவ மலையும் தெரியும். அந்தப் பள்ளத்தாக்குத்தான் கெதரோன். விவிலியம் அதை நீரோடை என்று சொன்னாலும் மாரி காலம் தவிர்ந்த நாட்களில் அதில் தண்ணீரைக் காண்பது அரிது. இன்று அதை ஒட்டித் தார் வீதி போகிறது. யாத்திரிகரை இறக்கிவிடும் பஸ்கள் வரிசையில் நிற்கின்றன. மலையின் அடிவாரத்தில், அந்த வீதியின் கரையிலேயே கெத்சமனி இருக்கிறது.

நான் அங்கு சென்றது 2018 மார்ச் மாதம், தவக்காலத்தில். ஏறத்தாழ நாற்பது பேர் கொண்ட யாத்திரைக் குழு அது. அதில் பெரும்பாலானோர் ஐம்பது வயதைக் கடந்த அம்மாமார். ஜோர்தான் பக்கமிருந்து எல்லைப் பாலத்தைக் கடந்து வந்தபோது பைகளைத் திறந்து காட்டுவதும், எங்கிருந்து வருகிறீர்கள், ஏன் வருகிறீர்கள் என்ற கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்வதுமாக அரை நாள் போயிற்று. எங்கள் குழுவில் எவரும் முகம் சுழிக்கவில்லை. வரிசையில் நிற்பதில் எமக்கிருக்கும் பயிற்சி உலகில் வேறு பலருக்கு இருக்காது.

எமது பங்குகளில் பெரிய வாரத்தை அண்டிப் பாஸ்கா காட்சி மேடையேறும்போது, கைதுக் காட்சி வந்தால் சிறுவர்கள் முன்வரிசைக்கு ஓடி வருவார்கள். சிவப்புத் துணி போர்த்த போர்வீரர், மட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய வாள், தரையில் இழுபடும் சங்கிலி, பின்னால் திரைச்சீலையில் எழுதிய அடர்ந்த மரங்கள். அதனால் கெத்சமனி என்றதும் என் மனதில் இருந்தது காடு போன்ற ஓர் இருண்ட இடம். கண்டதோ, எங்கள் ஊர்ப் பாடசாலையொன்றின் முன்வளவு அளவான ஒரு சிறு தோட்டம். வேலிக்குள் எட்டு முதிய ஒலிவ மரங்கள் நிற்கின்றன. உள்ளே போக விடமாட்டார்கள். சுற்றிவரப் போடப்பட்ட நடைபாதையில் நடந்து பார்க்கலாம். அடிமரங்கள் முறுகி, கோறை விழுந்து, கிழவிகள் குந்தியிருப்பது போல் இருக்கின்றன. கிளைகள் மட்டும் இளமையாக வெள்ளி பூத்த பச்சையில் அசைகின்றன.

இவை இயேசு கண்ட மரங்கள்தானா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2012 இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, வயதை அளக்கக்கூடியதாக இருந்த மூன்று மரங்களின் அடிமரங்கள் 1092, 1166, 1198 ஆம் ஆண்டுகளை ஒட்டியவை. கி.பி. 70 இல் உரோமப் படை எருசலேமை முற்றுகையிட்டபோது நகரைச் சுற்றியிருந்த மரங்களையெல்லாம் முற்றுகை வேலைகளுக்காக வெட்டித் தள்ளியது என்று அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதியிருக்கிறார். ஆகவே இயேசு சாய்ந்திருந்த மரம் இங்கு இல்லை. ஆனால் ஒலிவம் வெட்டிய இடத்தில் வேரிலிருந்து மறுபடி தளிர்க்கின்ற இனம். எட்டு மரங்களும் ஒரே தாய்மரத்தின் வழியில் வந்தவை என்றும் அதே ஆய்வு காட்டியது. ஷெல்லடியில் தலை போன பனைகளைப் பார்த்து வளர்ந்த எமக்கு இது சற்றுப் பொறாமையாகவே இருக்கும். பனைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

தோட்டத்தை அடுத்திருக்கும் ஆலயம் 1919 க்கும் 1924 க்கும் இடையில் கட்டப்பட்டது. அந்தோனியோ பார்லுட்சி என்ற இத்தாலியக் கட்டடக்கலைஞர் வரைந்தது. பல நாடுகளின் காணிக்கையால் எழும்பியதால் ‘சகல நாடுகளின் ஆலயம்’ என்கிறார்கள். யன்னல்களில் ஊதாநிறக் கல் பதித்திருப்பதால் வெளியே மத்தியான வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் பொழுதுபட்ட நேரம். பீடத்தின் முன்னால் வெறும் பாறை. இயேசு அதன்மேல் விழுந்து செபித்தார் என்பது மரபு. எங்கள் அம்மாமார் அதைத் தொட்டு அழுதார்கள். ஆலயத்தைப் பற்றி இவ்வளவு போதும். என்னை அதிகம் யோசிக்க வைத்தது வெளியேதான் இருந்தது.

சில அடி தூரத்தில், மாதாவின் கல்லறை என்று சொல்லப்படும் நிலக்கீழ் ஆலயத்தின் அருகே, ஒரு குகை உண்டு. ஒடுங்கிய வழியால் போய் உள்ளே இறங்க வேண்டும். கெத்சமனி என்ற சொல்லுக்கு எண்ணெய்ச் செக்கு என்று பொருள். 1950 களில் இக்குகையில் நடந்த அகழ்வில் செக்கு இருந்ததற்கான தடயங்கள் கிடைத்தன. பாஸ்கா விழாக்காலத்து எருசலேமில் இரவுக் குளிர் எலும்பைத் தொடும். விழாவுக்கென்று ஊரிலிருந்து வந்த ஏழைகள் மரத்தடியில் அல்ல, இப்படியான செக்குக் கொட்டகையில்தான் ஒதுங்கியிருப்பார்கள். மத்தேயுவும் மாற்கும் கெத்சமனி என்ற இடம் என்கிறார்கள். யோவான் கெதரோனுக்கு அப்பால் ஒரு தோட்டம் என்கிறார். லூக்கா ஒலிவ மலை என்பதோடு நிறுத்திவிடுகிறார். ‘கெத்சமனித் தோட்டம்’ என்று நாம் சேர்த்துச் சொல்வது எந்த ஒரு நற்செய்தியிலும் அப்படியே இல்லை.

தோட்டத்து மதிலோரம் நின்றால் ஓடைக்கு அப்பால் நகர மதில் நேரே தெரிகிறது. இரவில் அங்கிருந்து பந்தங்களோடு ஒரு கூட்டம் சரிவில் இறங்கி ஏறி வந்தால் இங்கே விழித்திருப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். மலைக்கு அப்பால் பெத்தானியா என்ற ஊர். அதைத் தாண்டினால் யூதேயாவின் பாலைநிலக் குன்றுகள். அவற்றுக்குள் புகுந்துவிட்ட ஒருவரை இரவில் தேடிப்பிடிப்பது நடக்கிற காரியமல்ல. எங்கள் வழிகாட்டி இதை விளக்கியபோது கூட வந்த அம்மாமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓடுவதா நிற்பதா, ஓடினால் பின்னால் நிற்பவர்களுக்கு என்ன நடக்கும் என்ற கணக்கைத் தமது முற்றத்தில் நின்று ஓரிரு நிமிடத்தில் போட்டுப் பார்த்தவர்கள் அவர்கள்.

இயேசு ஓடவில்லை. யோவானின்படி அவரே முன்னே வந்து யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்கிறார். தேடப்படுபவர் தாம்தான் என்றால் கூட நிற்பவர்களைப் போக விடும்படி சொல்கிறார். கைகள் கட்டப்படுவதற்கு முன் அவர் கேட்ட ஒரே சலுகை அதுதான்.

நான்கு நற்செய்திகளும் இக்கைதைச் சொல்கின்றன. நான்கும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. பெண்களிடம் நடந்ததைக் கேட்டு எழுதுவது என் தொழிலின் ஒரு பகுதி என்பதால் இந்த வித்தியாசங்கள் எனக்கு உறுத்தவில்லை. ஒரு சம்பவத்தை நான்கு பேர் சொல்லுக்குச் சொல் ஒரே மாதிரிச் சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும். யார் வந்தார்கள் என்ற கேள்விக்கு மாற்கும் மத்தேயுவும் தலைமைக் குருக்கள் முதலியோர் அனுப்பிய, வாளும் தடியும் ஏந்திய கூட்டம் என்கிறார்கள். லூக்கா தலைமைக் குருக்களும் கோவில் காவல் தலைவர்களும் தாங்களே வந்ததாகச் சொல்கிறார். யோவான் மட்டும் படைப்பிரிவு என்ற இராணுவச் சொல்லையும் அதன் தளபதியையும் சேர்க்கிறார். விளக்கும் பந்தமும் கொண்டு வந்தார்கள் என்பதும் அவர் தரும் விபரமே. பாஸ்கா விழா பூரணை நாளில் வருவது. நிலவு பகல் போலக் காய்ந்திருக்கும். அப்படியிருந்தும் விளக்கோடு வந்தார்களென்றால் மரநிழலிலும் குகையிலும் தேடவேண்டி வரும் என்று ஆயத்தமாகத்தான் வந்திருக்கிறார்கள். அதனால்தான், நாள்தோறும் கோவிலில் எல்லோர் முன்னிலையிலும் இருந்து போதித்தபோது தொடாதவர்கள் இப்போது கள்வனைப் பிடிக்க வருவது போல் வருகிறார்களே என்று அவர் கேட்கிறார். சனம் இல்லாத நேரமும் சனம் இல்லாத இடமும் தேவைப்பட்டன. என்ன குற்றம் என்று அந்த இடத்தில் எவரும் சொல்லவில்லை.

வந்தவர்களுக்கு ஆளைத் தெரியாது. ஆகவே அடையாளம் காட்ட ஒருவர் தேவைப்பட்டார். முத்தம் ஓர் ஏற்பாடு செய்யப்பட்ட சைகை என்று மாற்கும் மத்தேயுவும் தெளிவாகவே எழுதுகிறார்கள். சுற்றிவளைப்பில் வரிசையாக நடக்கவிட்டு, முகம் மூடிய தலையாட்டியின் முன் நிறுத்தப்பட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. யூதாஸ் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

யூதாஸின் பெயரை வைத்தே ஒரு பெரிய அநியாயமும் நடந்தது. இந்தக் கைதையும் தண்டனையையும் காரணம் காட்டி, நூற்றாண்டுக் கணக்காகக் கிறிஸ்தவர்கள் யூத மக்கள் முழுவதையும் குற்றவாளிகள் ஆக்கினார்கள். பிடிபட்டவரும் யூதர், அவரை விட்டு ஓடியவர்களும் யூதர், சிலுவையடியில் நின்று அழுதவர்களும் யூதர் என்பது வசதியாக மறக்கப்பட்டது. அன்று நடந்ததற்கு அக்காலத்து யூதர் எல்லோர் மீதோ இக்காலத்து யூதர் மீதோ பழி சுமத்த முடியாது என்று கத்தோலிக்க திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1965 இல்தான் எழுதி வைத்தது. சிலர் செய்ததற்கு ஓர் இனமே பதில் சொல்ல வேண்டும் என்ற நியாயம் எங்கு கொண்டு போய் விடும் என்பது எமக்கும் தெரிந்த கதை.

இனி வாள் வீச்சுக்கு வருகிறேன். கூட நின்ற ஒருவர் வாளை உருவித் தலைமைக் குருவின் ஊழியரின் காதை வெட்டினார் என்று நால்வருமே எழுதுகிறார்கள். அது வலது காது என்று லூக்காவும் யோவானும் குறிப்பிடுகிறார்கள். இயேசு அக்காதைத் தொட்டுச் சுகமாக்கினார் என்பது லூக்காவில் மட்டுமே உண்டு. வெட்டியவர் யார்? மாற்கு சொல்லவில்லை. மத்தேயுவும் லூக்காவும் சொல்லவில்லை. கடைசியாக எழுதப்பட்டதாகப் பொதுவாகக் கருதப்படும் யோவான்தான் வெட்டியவர் பேதுரு என்றும், வெட்டுப்பட்டவர் மால்கு என்றும் பெயர் சொல்கிறார். மாற்கில் இன்னொரு விசித்திரமான விபரமும் உண்டு. மெல்லிய துணி ஒன்றை மட்டும் போர்த்தியிருந்த ஓர் இளைஞனைப் பிடிக்க முயல, அவன் துணியை அவர்கள் கையில் விட்டுவிட்டு வெறும் உடம்போடு ஓடித் தப்புகிறான். அவன் பெயரும் இல்லை. யார் பிள்ளை என்றும் இல்லை.

சமூகவியல் படித்த காலத்தில் ஜேர்மனிய அறிஞர் கெர்ட் தைசனைப் பற்றி அறிந்திருந்தேன். இயேசு இயக்கத்தைச் சமூகவியல் கண்ணோடு ஆராய்ந்தவர் அவர். இந்தப் பெயரில்லாமைக்கு அவர் தரும் விளக்கம் எளிமையானது. இக்கைதின் கதை முதன்முதலில் சொல்லப்பட்டது எருசலேமில், சம்பவம் நடந்து சில பத்து ஆண்டுகளுக்குள். வாள் வீசியவரும் திமிறி ஓடியவரும் அப்போது உயிரோடு, அதே நகரில், அதே அதிகாரிகளின் கண்ணுக்குக் கீழ் இருந்தார்கள். கதையைச் சொல்லாமலும் இருக்க முடியாது, அவர்களைக் காட்டிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே பெயரை விட்டுவிட்டுச் சொன்னார்கள். பேதுரு இறந்து நீண்ட காலத்தின் பின் எழுதப்பட்ட யோவானில் அந்தப் பயம் இல்லை. பெயர் வெளியே வந்தது. இது ஓர் ஊகம்தான், எல்லா அறிஞரும் ஏற்றுக்கொண்டதல்ல. ஆனால் யோவானையே மேலும் வாசித்தால் அன்றிரவு முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டிருந்த பேதுருவிடம், தோட்டத்தில் உன்னைக் கண்டேனல்லவா என்று கேட்பவர் யார் தெரியுமா? காது வெட்டுப்பட்ட மால்குவின் உறவினர். ஆபத்து அவ்வளவு கிட்டத்தில் இருந்தது.

இந்த விளக்கம் எனக்கு உடனே பிடித்துக்கொண்டதற்குக் காரணம் என் கொப்பிகள். மன்னார்ப் பெருநிலப்பரப்பில் நான் வேலை செய்யும் பெண்கள் குழுக்களில் நடந்தவற்றைக் கேட்டு எழுதும்போது நாம் பெயர் எழுதுவதில்லை. ஓர் எழுத்து, ஓர் இலக்கம், அவ்வளவே. ஊரின் பெயரையும் சில வேளை மாற்றிவிடுவோம். யுத்தம் 2009 இல் முடிந்த பின்னரும் நீண்ட காலம் அப்படித்தான். பல்கலைக்கழகத்தில் இதை ஆய்வு ஒழுக்கம் என்று படிப்பித்தார்கள். ஊரில் அம்மாமார் அதை யாரிடமும் படிக்காமலே செய்தார்கள். “பக்கத்து வீட்டுப் பெடியன்” என்பார்கள், “அந்த ஆள்” என்பார்கள், “ஒருத்தர் வந்து சொன்னவர்” என்பார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கதையில் அதே பேச்சைக் கண்டபோது, அதை எழுதியவர்களுக்குப் பின்னால் வாய் திறக்கப் பயந்த, ஆனால் திறந்த மனிதர்கள் இருந்தார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

மறுநாள் காலை, இயேசு கொண்டுபோகப்பட்டிருக்கக்கூடிய வழியைப் பார்க்கப் போனோம். கெதரோன் வழியே தெற்கு நோக்கி, பாறையில் குடைந்த பழைய கல்லறைகளைக் கடந்து போகவேண்டும். அவற்றுள் ஒன்று பெனே ஹெசீர் என்ற குருக்குலக் குடும்பத்தினுடையது. இயேசுவின் காலத்துக்கு முன்பே வெட்டப்பட்டது. குடும்பத்தவரின் பெயர்களை வரிசையாகக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். கைகட்டப்பட்டு அவ்வழியே நடந்த ஒருவருக்கு நிலவொளியில் அக்கல்லறையின் தூண்கள் தெரிந்திருக்கும்.

சீயோன் மலையின் கிழக்குச் சரிவில் ‘சேவல் கூவிய புனித பேதுரு’ ஆலயம் இருக்கிறது. 1931 இல் அபிஷேகம் செய்யப்பட்டது. தலைமைக் குரு கயபாவின் வீடு இருந்த இடம் என்பார்கள். அதே மலையில் வேறோர் இடத்தைச் சொல்பவர்களும் உண்டு. ஆலயத்தின் பக்கத்தில் பழைய காலத்துக் கற்படிப் பாதையொன்று பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. அடியில், பாறையில் குடைந்த ஆழமான குழியொன்று. அக்காலத்தில் மேலே உள்ள துவாரத்தால் ஆளை இறக்கியிருப்பார்கள். இப்போது படிகளால் இறங்கலாம். அங்கு 88 ஆம் திருப்பாடலைப் பல மொழிகளில் வைத்திருக்கிறார்கள். எங்கள் அம்மா ஒருவர் கையோடு கொண்டுபோன தமிழ் விவிலியத்தில் அதைத் தேடி எடுத்து வாசித்தார். தெரிந்தவர்களெல்லாம் விலகிப்போய், இருட்டே உறவாகிப்போன ஒருவரின் முறைப்பாடு அது. பாதியில் அவரால் வாசிக்க முடியவில்லை. அடுத்தவர் வாங்கி வாசித்து முடித்தார்.

பேதுருவை அந்த முற்றத்தில் முதலில் அடையாளம் கண்டது ஒரு பணிப்பெண். பிரசங்கங்களில் இவளை ஒரு வாயாடியாக, கோள் சொல்பவளாகக் காட்டுவது வழக்கம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வாசலில் வருவோர் போவோரைப் பார்ப்பது அவளுடைய வேலை என்று யோவான் சொல்கிறார். நடுச்சாமத்திலும் நித்திரையின்றி வேலை செய்துகொண்டிருந்த ஒரு கூலிப்பெண், நெருப்பு வெளிச்சத்தில் ஒரு முகத்தைக் கண்டு, கண்டதைச் சொன்னாள். அவளுக்கும் பெயர் இல்லை. அவளுடைய எசமானுடைய குடும்பத்துக்கோ, 1990 இல் எருசலேமின் தெற்கே ஒரு கல்லறையில் ‘கயபா’ என்று பொறித்த அழகிய எலும்புப் பேழையே கிடைத்திருக்கிறது. தலைமைக் குரு கயபாவினுடையதே என்று பலர் கருதும் அப்பேழை இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

அவள் சொன்ன பின் அருகில் நின்றவர்கள் பேதுருவின் பேச்சைக் கவனிக்கிறார்கள். கதைக்கிற விதமே நீ யாரென்று காட்டுகிறது என்கிறார்கள். மத்தேயு தரும் விபரம் இது. கலிலேயா வடக்கு. எருசலேம் தெற்கே இருக்கிறது. ஒரே மொழியைத்தான் பேசினார்கள், ஆனால் வடக்கத்தியப் பேச்சின் இழுவை வேறு. சோதனைச் சாவடியில் வாயைத் திறக்கப் பயந்து, அடையாள அட்டையை மட்டும் நீட்டிவிட்டு நின்ற நாட்களை நினைத்துக்கொண்டேன். பேதுரு மறுதலித்ததைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மற்ற ஆண்கள் ஓடிய பின்னும் பின்தொடர்ந்து அந்த முற்றம் வரை வந்தவர்களில் ஒருவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லோரும் ஓடிவிட்டார்கள் என்று மாற்கும் மத்தேயுவும் எழுதிய வரியில்தான் எங்கள் குழுவிலிருந்த ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி தொடங்குகிறது. 2018 யாத்திரைக்குப் போவதற்கு முன் ஒரு கூட்டத்தில் அவர் கேட்டார்: “அப்ப, பிடிச்சுக்கொண்டு போட்டினம் எண்டு தாய்க்கு ஆர் போய்ச் சொன்னது, தங்கச்சி?” நான்கு நற்செய்திகளிலும் அதற்குப் பதில் இல்லை. வியாழன் இரவுக்கும் வெள்ளி மதியத்துக்கும் இடையில் மரியா எங்கிருந்தார், யார் கதவைத் தட்டினார்கள், எந்தெந்த வாசலில் போய் நின்று கேட்டார் என்று எதுவும் இல்லை. யோவானில் அடுத்ததாக அவரைக் காண்பது சிலுவையடியில். கைதின் கதை அதைக் கண்டவர்களின் கதை. காத்திருந்தவர்களின் கதையை எவரும் கேட்டு எழுதவில்லை.

பெத்தானியாவுக்கும் போனோம். அதற்கு இன்றைய பெயர் அல்-அசரிய்யா. லாசரின் பெயரிலிருந்து வந்தது. பலஸ்தீன மக்கள் வாழும் ஊர். ஒலிவ மலையைத் தாண்டினால் நகரிலிருந்து மூன்று கிலோமீற்றர்தான். இயேசு அந்த வாரம் நாள்தோறும் நடந்து போய் வந்த வழி. இன்று அவ்வழியே நடக்க முடியாது. இஸ்ரேல் 2002 இல் கட்டத் தொடங்கிய பிரிப்பு மதில் உயர்ந்த கொங்கிறீற்றுச் சுவராக ஊரை வெட்டி நிற்கிறது. பாதை ஒன்று வீடுகளுக்கு நடுவில் சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. 2004 இல் சர்வதேச நீதிமன்றம் மேற்குக் கரையில் கட்டப்படும் அம்மதில் சர்வதேசச் சட்டத்துக்கு முரணானது என்று கருத்துரைத்தது. மதில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எங்கள் பஸ் நீண்ட தூரம் சுற்றி வளைத்துப் போய்ச் சேர்ந்தது. 2023 ஒக்ரோபரில் தொடங்கிய காசா யுத்தத்தின் பின் இவ்விடங்களுக்கெல்லாம் யாத்திரிகர் வருவது பெரிதும் குறைந்துபோனது. ஆலய வாசலில் மாலையும் மரச்சிலுவையும் விற்று வாழும் குடும்பங்களுக்கு அது நேரடியாக வயிற்றில் அடித்த அடி.

பெத்தானியாவுக்கு நான் ஆவலோடு போனதற்கு ஒரு காரணம் உண்டு. கைதுக்கு முன்பு, இவ்வூரில் ஒரு வீட்டில் இயேசு பந்தியில் இருக்கும்போது ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை அவர் தலையில் ஊற்றினாள் என்று மாற்கு எழுதுகிறார். முந்நூறு தெனாரியத்துக்கு மேல் பெறுமதி என்று கூட இருந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். கூலிக்காரன் ஒருவனின் ஏறத்தாழ ஒரு வருட உழைப்பு. இவள் செய்தது உலகமெங்கும் இவள் நினைவாகச் சொல்லப்படும் என்கிறார் இயேசு. ஆனால் அவளுடைய பெயரை மாற்கு சொல்லவில்லை! பெண் என்பதால் விட்டுவிட்டார்கள் என்றுதான் நான் நெடுங்காலம் கோபப்பட்டேன், இன்றும் அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ரிச்சார்ட் போக்கம் என்ற ஆங்கிலேய அறிஞர் 2006 இல் எழுதிய நூலில், இங்கேயும் காரணம் பாதுகாப்பாக இருக்கலாம் என்கிறார். தலையில் தைலம் ஊற்றுவது அரசனை அபிஷேகம் செய்யும் முறை. அரசன் என்ற குற்றச்சாட்டில் ஒருவர் கொல்லப்பட்ட நாட்டில், அவரை அபிஷேகம் செய்தவள் இன்னாள் என்று எப்படிச் சொல்வது? இங்கேயும் பெயரை வெளியிடுபவர் யோவான்தான். அவள் லாசரின் சகோதரி மரியா. லாசரையும் கொன்றுவிடத் தலைமைக் குருக்கள் யோசித்தார்கள் என்பதையும் அதே இடத்தில் யோவான் எழுதுகிறார். குறிவைக்கப்பட்ட வீடு அது.

அப்படியானால் பெண்களின் பெயரே மாற்கில் வராதா? வருகிறது. கைதோடு ஆண்கள் மறைந்த பின், சிலுவையைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்று மாற்கு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். மகதலா மரியா, சின்ன யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயான மரியா, சலோமி. அடக்கம் செய்த இடத்தைப் பார்த்தவர்கள் என்றும், மூன்றாம் நாள் கல்லறைக்குப் போனவர்கள் என்றும் திரும்பவும் பெயர் சொல்கிறார். மூன்றில் இருவர் மரியா என்பதால் குழம்பாமல் இருக்க ஊரையும் பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்கிறார். இங்கே பெயர் இல்லாவிட்டால் சாட்சி இல்லை.

திரும்பி வந்த பின் எமது குழுவில் ஒரு பிற்பகல் முழுவதும் மாற்கின் பதினான்காம் அதிகாரத்தை வாசித்தோம். குழுவில் சைவ சமயத்தவரும் இருந்தார்கள், ஆர்வமாகக் கேட்டார்கள். பெயர் உள்ள இடம் எது, இல்லாத இடம் எது என்று கோடு போட்டுப் பார்த்தோம். தேத்தண்ணீர் குடிக்கும்போது, தாய்க்கு ஆர் சொன்னது என்று முன்பு கேட்ட அம்மா என் கொப்பியைக் கேட்டு வாங்கினார். இலக்கம் மட்டும் போட்டிருந்த பக்கத்தைத் தேடிப் பிடித்து, அதில் தன் மகனின் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடும் பிறந்த திகதியோடும் எழுதச் சொன்னார். “இனி ஒளிக்க என்ன கிடக்கு? எழுது பிள்ளை.” பக்கத்தில் இருந்த அக்கா தன் பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். “என்ரைய எழுத்தோடையே விடு, தங்கச்சி. இளையவன் இப்பதான் கொழும்பில வேலைக்குச் சேர்ந்திருக்கிறான்.” இருவர் சொன்னபடியும் செய்தேன்.